காங்கோ உள்ளவரை

நாட்டுக்குப் பெயர் மாறிய அந்தப் புதன்கிழமை பிற்பகலில், பொக்கேலா ஊரில் கல்யாணமான எல்லாருடைய விரல்களிலிருந்தும் மோதிரங்கள் தாமாகக் கழன்று விழுந்து, வாசற்படி இறங்கி, தெருவில் வரிசை கட்டி உருண்டு, படகுத்துறைச் சரிவில் வேகம் பிடித்து, ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றில் குதித்தன. யாரும் அலறவில்லை. மரவள்ளி இடித்துக்கொண்டிருந்த பெண்கள் உலக்கையை நிறுத்திவிட்டு அவை போக வழிவிட்டார்கள். ஊர் அதிகாரி மொங்காலி மட்டும் தன் மோதிரத்தைத் துரத்திக்கொண்டு சரிவின் அடிவரைக்கும் ஓடினார். அதுவும் கல்யாணத்தின் மேலுள்ள பற்றினால் அல்ல, அந்த ஊரில் அவருடையது ஒன்றுதான் தங்கம் என்பதால். ஒரு சேவல் தன் முன்னால் உருண்ட ஒரு பித்தளை மோதிரத்தைச் சோளம் என்று நினைத்து விழுங்கிவிட்டது. பிறகு அதுவே மிகுந்த மரியாதையோடு துறைவரைக்கும் நடந்துபோய், கழுத்தை நீட்டி, மோதிரத்தைத் தண்ணீரில் கக்கிவிட்டுத் திரும்பி வந்தது.

காரணம் என்ன என்று ஊரார் அதிக நேரம் யோசிக்கவில்லை. அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் மதுக்கடை வானொலியில் தலைநகரத்துக் குரல் ஒன்று, இனி நம் நாட்டின் பெயர் காங்கோ அல்ல, சயீர்; ஆற்றின் பெயரும் காங்கோ அல்ல, சயீர்; பணத்துக்கு ஏற்கெனவே அந்தப் பெயர்தான் என்று சொல்லி முடித்திருந்தது. பொக்கேலாவில் கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் "சாகும்வரை" என்று சத்தியம் செய்வதில்லை. அந்த ஊரில் சாவு ஒரு முடிவாகக் கருதப்பட்டதில்லை. செத்தவர்கள் பிறகும் கனவில் வந்து, குழம்பில் உப்பு போதாது என்று குறை சொல்லிவிட்டுப் போவார்கள். ஆகையால் முன்னோர் காலத்திலிருந்து எல்லாரும் ஆற்றைப் பார்த்து நின்று, "காங்கோ உள்ளவரை நான் உன்னோடு" என்றுதான் சொல்லி வந்தார்கள். ஆறு வற்றாது. ஆற்றின் பெயர் வற்றும் என்று யார் கண்டது?

முன்னாலும் பெயர் மாறியிருக்கிறது. கடல் கடந்த ஒரு வெள்ளைக்கார ராஜா, இந்த மண்ணை ஒருமுறைகூட மிதிக்காமலே, நாடு முழுவதையும் தன் சொந்தத் தோட்டமாக எழுதி வாங்கிக்கொண்டு அதற்குச் சுதந்திர நாடு என்று பெயர் வைத்தார். அந்தக் காலத்தில் சுதந்திரமாக இருந்தவை கொசுக்கள் மட்டும்தான் என்று கிழவர்கள் சொல்வார்கள். பிறகு அவருடைய தேசம் அதை அவரிடமிருந்து வாங்கித் தன் பெயரை முன்னால் ஒட்டிக்கொண்டது. பிறகு விடுதலை வந்தது. குடியரசு என்றார்கள், பிறகு ஜனநாயகக் குடியரசு என்றார்கள். ஆனால் இந்த ஒட்டுகளெல்லாம் விருந்தாளிகள் மாதிரி வந்து, சாப்பிட்டு, கை கழுவிவிட்டுப் போயின. காங்கோ என்ற வீட்டுக்காரர் நடுக்கூடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கல்யாணங்களும் அசையவில்லை. இப்போதுதான் முதல்முறையாக வீட்டுக்காரரே எழுந்து வெளியே போய்விட்டார்.

"நான்தான் தேவாலயத்தில் எல்லாரையும் 'மரணம் பிரிக்கும்வரை' என்று சொல்ல வைத்தேனே?" என்று தாடியைப் பிடித்துக்கொண்டு கேட்டார் ஃபாதர் குஸ்தாஃப். அவர் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"சொன்னோம் ஃபாதர். உங்க பாஷையில் சொன்னோம். வாய்க்குள்ளே எங்க பாஷையில் மற்றதைச் சொல்லிக்கிட்டோம்," என்றார்கள் ஊரார்.

"எல்லாருமா?"

"உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான்."

மொங்காலிக்கு வேறு கவலை. தன் ஆளுகைக்குள் கல்யாணமான ஒரு ஜோடிகூட இல்லை என்று தலைநகரத்துக்குத் தெரிந்தால், புதிய பெயரை இந்த ஊர் வேண்டுமென்றே அவமதிக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். அன்று மாலையே மாமரத்தடியில் கூட்டம் கூட்டினார். எல்லாரும் மறுபடி கல்யாணம் செய்துகொள்ள வேண்டும், "சயீர் உள்ளவரை" என்று சொல்லிச் செய்துகொள்ள வேண்டும் என்று அறிவித்தார். ஒரு மீனவன் எழுந்து, சயீர் என்பது சொல்லே இல்லையே, அந்தக் காலத்தில் கப்பலில் வந்த போர்த்துக்கீசியன் இது என்ன என்று கைகாட்டிக் கேட்டபோது நம் ஆட்கள் "ஆறு" என்று தங்கள் பாஷையில் சொன்னதும், அது அவன் காதில் கோணலாக விழுந்ததும்தானே இந்தப் பெயர், ஒரு வெள்ளைக்காரனின் செவிட்டுக் காதை நம்பி எப்படிப் பெண்டாட்டி கட்டுவது என்று கேட்டான். மொங்காலி அவனை உட்காரச் சொன்னார்.

மோதிரத்துக்குச் செம்பு வேண்டியிருந்தது. ஊரில் செம்பு இருந்த ஒரே இடம் தொலைபேசிக் கம்பி. அதை வெட்டிச் சுருட்டினார்கள். அந்த வாரத்துக்குள் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் கல்யாணம் முடிந்தது. கம்பி போய்விட்டதால், பொக்கேலாவில் என்ன நடந்தது என்பது தலைநகரத்துக்குக் கடைசிவரை தெரியாமலே போயிற்று. இரண்டு பிரச்சினையும் ஒரே வெட்டில் தீர்ந்தது என்று மொங்காலி பின்னாளில் பெருமைப்பட்டார்.

ஒருத்திதான் வரவில்லை.

அவள் பெயர் பொலும்பு. அது அம்மா வைத்த பெயர். ஃபாதர் ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பிலோமேன். புருஷன் வைத்த பெயர் "ஏய்". மரவள்ளி மாவை இலையில் சுற்றி அவித்த குவாங்காவைப் படகுத்துறையில் விற்பது அவள் தொழில். அவள் கையால் சுற்றிய குவாங்கா ஒரு வாரம் கெடாது என்பதால், ஆற்றில் மேலும் கீழும் போகிற படகுக்காரர்கள் எல்லாருக்கும் அவளைத் தெரியும். புருஷன் எகோஃபோ பலகை எழுதுகிறவர். கடைப்பலகை, படகுகளின் பெயர், தபால் நிலையம், சுங்கச்சாவடி, எல்லாவற்றிலும் அவருடைய எழுத்துதான். விடுதலைக்குப் பிறகு அடிக்கடி நாட்டின் பெயரில் ஒட்டுகள் மாறியதால் நல்ல வரும்படி. அதனால் நல்ல கர்வம். தெருவில் அவர் குடை பிடித்து முன்னால் நடப்பார். அவள் கூடையைத் தலையில் வைத்து இருபது அடி பின்னால் வருவாள். அவர் அடித்ததில்லை, குடித்து விழுந்ததில்லை. மகள்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்தாயிற்று. ஊரில் யாரைக் கேட்டாலும் நல்ல புருஷன் என்றுதான் சொல்வார்கள். அவளைத்தான் யாரும் கேட்டதில்லை.

இப்போது மொங்காலி கேட்டார். "என்னம்மா, எல்லாரும் வந்தாச்சு. நீ எப்போ வர்றே?"

பொலும்பு கையிலிருந்த மாவை வழித்துவிட்டு வானத்தைப் பார்த்தாள். "யோசிக்கணும்," என்றாள்.

இந்தச் சொல் மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. யோசிக்கலாம் என்று ஒரு வழி இருப்பது மற்றப் பெண்களுக்கு அப்போதுதான் தெரிந்தது; சிலர் விரலில் இருந்த செம்புக் கம்பியைத் திருகிப் பார்த்துக்கொண்டார்கள். எகோஃபோவுக்கு அவமானம் தாங்கவில்லை. வீடு அவள் அம்மா வழியில் வந்தது என்பதால், தன் பெயிண்ட் டப்பாக்கள் இருந்த கொட்டகைக்குப் பாயை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டர்பன்டைன் நாற்றத்தில் படுத்துக்கொண்டு, ஒரு வக்கீலைப்போல யோசித்தார். விடிந்ததும் துள்ளி எழுந்து வந்தார்.

"ஏய்! நாம என்ன சத்தியம் பண்ணினோம்? காங்கோ உள்ளவரைன்னு. எந்தக் காங்கோன்னு சொன்னோமா?"

"இல்லை."

"அக்கரையைப் பாரு. அது என்ன நாடு?"

அக்கரையும் காங்கோதான். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன இன்னொரு காங்கோ. ஒரே ஆற்றின் இரண்டு கரையில் ஒரே பெயரோடு இரண்டு நாடுகள் இருந்ததால், பத்து வருஷமாக இக்கரைக் கடிதங்கள் அக்கரைக்கும் அக்கரைக் கடிதங்கள் இக்கரைக்கும் போய், முன்பின் தெரியாதவர்களின் சாவுக்கெல்லாம் பொக்கேலா மக்கள் அழுதிருக்கிறார்கள். இக்கரை பெயர் மாற்றிக்கொண்டதில் மிகவும் மகிழ்ந்தவர் தபால்காரர்தான். அக்கரை பெயரை விடவில்லை.

"அங்கே காங்கோ இருக்கிறவரைக்கும் நீ என் பெண்டாட்டி," என்றார் எகோஃபோ.

பொலும்பு குவாங்காவை இலையில் மடித்து நாரால் கட்டினாள். "அப்படின்னா அக்கரைக்குப் போய் அங்கே புருஷனா இருங்க," என்றாள்.

வாரச் சந்தை அக்கரையில்தான். சனிக்கிழமை அவள் கூடைகளோடு படகேறியபோது எகோஃபோவும் குடையோடு ஏறிக்கொண்டார். ஆற்றின் நடுவில், ஆகாயத்தாமரைத் திட்டுகள் மிதந்து வரும் இடத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம் படகின் மூக்கு நுழைந்ததும், தண்ணீரிலிருந்து இரண்டு மோதிரங்கள் மீன்குஞ்சுபோல எம்பிக் குதித்து, ஒன்று அவர் விரலிலும் ஒன்று அவள் விரலிலும் ஏறிக்கொண்டன. படகோட்டி துடுப்பை நிறுத்தவில்லை. நடுவழியில் ஏறிய அந்த இரண்டு மோதிரங்களுக்கும் தனியாகக் காசு கேட்கலாமா என்று மட்டும் யோசித்தான்.

அக்கரையில் கால் வைத்ததும் எகோஃபோ தோளை நிமிர்த்தினார், குடையை விரித்தார், திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார். "ஏய், சீக்கிரம் வா. ஏய், தண்ணி. ஏய், அந்த ஆளோட என்ன சிரிப்பு?" பொலும்பு கூடையோடு இருபது அடி பின்னால் நடந்தாள். மாலையில் திரும்பும்போது ஆற்றின் நடுவில் ப்ளக், ப்ளக் என்று இரண்டு மோதிரங்களும் தண்ணீரில் விழுந்தன. எகோஃபோவின் தோளும் அதோடு ஒரு விரல்கடை இறங்கியது. படகு இக்கரையில் முட்டியதும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கூடை கனமா இருக்குமே... நான் ஒண்ணைத் தூக்கட்டுமா?" என்றார்.

சொல்லிவிட்டு அவரே திகைத்துப் போனார். ஆனால் வேறு எப்படிப் பேசுவது? கல்யாணமாகாத ஒரு பெண்பிள்ளையிடம், அவளுடைய சொந்த வீட்டுக் கொட்டகையில் தங்கியிருக்கும் ஓர் ஆண், ஏய் என்றா கூப்பிட முடியும்?

ஆகவே பொலும்புவுக்கு இரண்டு எகோஃபோக்கள் அமைந்தார்கள். இக்கரை எகோஃபோ கதவைத் தட்டிவிட்டு வாசலிலேயே நிற்பார். மழை வருமா என்று அவளிடம் அபிப்பிராயம் கேட்பார். ஒருநாள் விறகு பிளந்து வைத்தார்; ஒருநாள், தான் பலகையில் எழுதும் எழுத்துகளில் எது கடினம் என்று சொன்னார், அவளும் குவாங்காவை எந்த இலையில் சுற்றினால் நாறும் என்று சொன்னாள், இருவரும் விளக்கு வைக்கிறவரைக்கும் பேசிக்கொண்டிருந்துவிட்டு, இத்தனை வருஷத்தில் இவ்வளவு பேசியதில்லையே என்று தனித்தனியாக வெட்கப்பட்டார்கள். அக்கரை எகோஃபோவோ பழைய எகோஃபோ. சனிக்கிழமைப் படகில் இடம் கிடைப்பது அரிதாகிவிட்டது. பெண்கள் வேலையில்லாவிட்டாலும் ஏறி உட்கார்ந்து, ஆற்றின் நடுவில் அந்த ஆள் பாதி வாக்கியத்தில் மாறுவதைப் பார்ப்பதற்காக வந்தார்கள். "நீங்க உட்காருங்க, வெயில் படாத பக்கமா—" என்று தொடங்கிய வாக்கியம், "—நகருன்னு சொன்னேன்ல, ஏய்!" என்று முடியும். பெண்கள் கைதட்டுவார்கள். பெயர் மாறிய வாரமே பழைய மனைவியை விட்டுவிட்டு இளையவள் ஒருத்தியைக் கட்டிக்கொண்ட உப்பு வியாபாரி லொக்வா மட்டும் அதன்பின் ஆற்றைக் கடந்ததே இல்லை; அக்கரையில் எந்த மோதிரம் தனக்காகக் காத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

சில வாரங்களுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, படகில் ஏறப்போன எகோஃபோவைப் பொலும்பு கையால் தடுத்தாள்.

"நீங்க வரவேணாம்."

"ஏன்?"

"அங்கே இருக்கிற ஆளை எனக்குப் பிடிக்கலை."

எகோஃபோ துறையில் நின்றபடியே படகு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்திலிருந்த வேறொரு படகோட்டியிடம், "எனக்கும்தான்," என்றார்.

அடுத்த வருஷம் தலைநகரத்திலிருந்து இன்னொரு கட்டளை வந்தது. நாட்டின் பெயர் மாறினால் போதாது, ஆட்களின் பெயரும் மாற வேண்டும். வெள்ளைக்காரப் புனிதர்களின் பெயர்களையெல்லாம் விட்டுவிட்டு முன்னோர் பெயர்களை வைத்துக்கொள்ள வேண்டும். கழுத்தில் டை கட்டவும் கூடாது. ஃபாதர் குஸ்தாஃப் இருபது வருஷமாக நாள்காட்டியைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பெயர்களெல்லாம் ஒரே காலையில் உதிர்ந்துபோக, அவர் திண்டாடிவிட்டார். பாவமன்னிப்புக்கு வந்தவர்கள் யார் எந்தப் பாவத்துக்கு உரியவர்கள் என்றே தெரியாமல், மொத்தமாக எல்லாரையும் மன்னித்து அனுப்பினார். இப்போலித் என்ற ஞானஸ்நானப் பெயரை இழந்ததில் எகோஃபோவுக்கு வருத்தமில்லை. அந்தப் பெயரை எழுதும்போது ஒருமுறைகூடப் பலகையில் இடம் போதியதில்லை.

மாமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்து மொங்காலி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

"வீட்டிலே வேறே யாரு?"

"ஒரு அம்மா இருக்காங்க," என்றார் எகோஃபோ.

"பேரு?"

எகோஃபோ வாயைத் திறந்தார். பிலோமேன் என்று சொல்லக்கூடாது. அது புனிதர் பெயர். அதற்கு முன்னால் என்ன பெயர்? கல்யாணத்தில் யாரோ சொன்னார்கள். மாமியார் கூப்பிடுவாள். ஆற்றைக் கேட்டால் சொல்லும், படகுக்காரனைக் கேட்டால் சொல்வான், மகள்களைக் கேட்டால் சொல்வார்கள். அவர் நாக்கில் இருந்ததோ ஒரே ஒரு பெயர்தான்.

"ஏய்," என்றார்.

மொங்காலி காகிதத்திலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். "ஏய்ங்கிறது நம்ம முன்னோர் பேரா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் மாமரத்திலிருந்து வௌவால்கள் கிளம்பின. எகோஃபோ வேகமாகப் படகுத்துறைக்கு நடந்தார். பொலும்பு இரண்டு கையும் மாவாக இருந்தாள்.

"உங்க பேர் என்ன?"

"எதுக்கு?"

"அரசாங்கம் கேக்குது."

"அரசாங்கத்துக்கு வேணும்னா அரசாங்கம் வந்து கேக்கட்டும்."

அவர் திரும்பி நடந்தார். பாதி தூரம் போய் நின்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. குடையை அவசரத்தில் மாமரத்தடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். மறுபடி துறைக்கு வந்து, அவள் குவாங்கா விற்கும் பலகைக்கு முன்னால், தோளைக் குறுக்கி நின்றார்.

"எனக்குத்தான் தெரியணும்," என்றார்.

அவள் கொஞ்ச நேரம் மாவைப் பிசைந்தாள். பிறகு சொன்னாள்: "பொலும்பு."

கடைக்கு அனுப்பிய பிள்ளை சாமானின் பெயரை மறக்காமலிருக்கச் சொல்லிக்கொண்டே ஓடுவதுபோல, பொலும்பு, பொலும்பு, பொலும்பு என்று சொல்லிக்கொண்டே அவர் சரிவேறினார். மாமரத்தடிக்கு வந்து சொல்லி முடித்த பிறகும் நிறுத்த முடியவில்லை. மாலை முழுவதும் கொட்டகையிலிருந்து அந்தப் பெயர் கேட்டுக்கொண்டே இருந்தது. இருட்டும் நேரத்தில் பொலும்பு வெளியே வந்து, "போதும், தேய்ஞ்சு போயிடும். உள்ளே வந்து சாப்பிடுங்க," என்றாள். அவர் பாயையும் எடுத்துக்கொண்டு வந்தார். அவள் அதை விரிக்க இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

ஆனால் கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை. ஃபாதர் குஸ்தாஃப் ஒவ்வொரு பெருநாளுக்கும் வந்து கேட்பார். அவள் ஒரு குவாங்காவை அவர் கையில் கொடுத்து, "இப்படியே நல்லாத்தான் இருக்கு ஃபாதர்," என்பாள். அவர் இது பாவம் என்று சொல்லிக்கொண்டே இலையைப் பிரிப்பார். வருஷங்கள் ஓடின. சயீர் என்ற பெயர் நாணயத்திலும் தபால் தலையிலும் பழகி, தேய்ந்து, அழுக்கேறியது. பணத்தின் மதிப்பு விழுந்து, ஒரு குவாங்காவுக்கு ஒரு கூடை நோட்டு கொடுக்க வேண்டிய காலமும் வந்தது. தொலைபேசிக் கம்பியை யாரும் திரும்பக் கட்டவில்லை. ஃபாதர் குஸ்தாஃப் செத்து, கனவில் வர ஆரம்பித்தார். மொங்காலி பதவியிலிருந்து ஓய்வுபெற்றும் அதிகாரத்திலிருந்து ஓய்வுபெறாமல் மாமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். பொலும்புவும் எகோஃபோவும் தலை நரைத்து, "நீங்க" என்றும் "நீங்க" என்றும் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு, ஊரிலேயே கல்யாணமாகாத ஒரே ஜோடியாக, ஊரிலேயே சண்டை இல்லாத ஒரே ஜோடியாக இருந்தார்கள்.

பிறகு கிழக்கிலிருந்து ஒரு படை நாடு முழுக்க நடந்தே வந்தது. தலைநகரத்தில் இருந்த தலைவர் விமானம் ஏறிப் போய்விட்டார். மே மாதத்தில் ஒருநாள், மதுக்கடை வானொலியில் வேறொரு குரல், இனி நம் நாட்டின் பெயர் மீண்டும் காங்கோ என்று சொன்னது.

மோதிரங்கள் ஆற்றிலிருந்து கிளம்பின. பாசி பிடித்து, பச்சை ஏறி, சில கெளுத்தி மீனின் வயிற்றோடு வந்தன. மீன் சரிவில் துள்ளித் துள்ளி ஏறி, உரிய வாசலில் மோதிரத்தைத் துப்பிவிட்டுச் செத்தது. ஆகையால் அன்று பல வீடுகளில் குழம்புப் பிரச்சினை தீர்ந்தது. செத்தவர்களின் மோதிரங்கள் நேரே இடுகாட்டுக்குப் போய் மண்ணில் புதைந்துகொண்டன. செம்புக் கம்பி மோதிரங்கள் கழன்று, ஆற்றை நோக்கி உருண்டன; போகிறவையும் வருகிறவையும் கடைத்தெருவில் மோதிக்கொண்டு பெரிய நெரிசல் ஆயிற்று. இருபத்தைந்து வருஷத்தில் விரல்கள் தடித்திருந்தன. மோதிரங்களோ தயவு காட்டவில்லை; ஊர் முழுக்க ஐயோ ஐயோ என்று சத்தம். லொக்வாவின் பழைய மனைவி, பல்லெல்லாம் போன கிழவி, மோதிரம் ஏறிய கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, "என்ன சமையல்?" என்று கேட்டாள். மொங்காலி தன் தங்க மோதிரத்தைப் பார்த்து அழுதே விட்டார்.

எகோஃபோ அப்போது படகுத்துறைப் பெயர்ப்பலகை முன்னால் ஏணியின் உச்சியில் நின்று, சயீர் என்ற எழுத்துகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். யாரும் சொல்வதற்கு முன்னால் அவராகவே சுரண்டியை எடுத்துக்கொண்டு ஏறியிருந்தார். பெயர் மாறினால் வேலை வரும் என்று பழகிய கை. மோதிரம் ஏணியின் ஒவ்வொரு படியாக ஏறி வந்து அவர் விரலில் மாட்டிக்கொண்டது. கீழே நின்றவர்கள் பார்த்தார்கள்: அவர் தோள் நிமிர்ந்தது. முதுகு நேரானது. நரைத்த மீசைகூடத் தூக்கிக்கொண்டதுபோல இருந்தது. அக்கரை எகோஃபோ ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

சனிக்கிழமைப் படகில் அன்று கைதட்டிய பெண்கள் இப்போது கிழவிகள். ஒருத்தியும் கைதட்டவில்லை. இனி ஓடி ஒளிய சயீர் என்று ஓர் இடம் கிடையாது. இக்கரையும் காங்கோ, அக்கரையும் காங்கோ. அவர் குவாங்காப் பலகையை நோக்கி நடக்க, ஊரே இருபது அடி பின்னால் நடந்தது. பொலும்பு கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மோதிரம் அவள் விரலிலும் இருந்தது.

அவர் எதிரில் வந்து நின்றார். வாயைத் திறந்தார்.

"ஏ..."

நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது. அந்த ஓர் எழுத்து முழுச் சொல்லாக வெளியே வருவதற்குத் தொண்டையைத் தள்ள, அவர் அதைத் திரும்ப உள்ளே விழுங்க, மறுபடி அது வர, மறுபடி விழுங்க, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கே மூச்சு முட்டியது. மோதிரத்தை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. யாரோ பனை எண்ணெய் கொண்டுவர ஓடினார்கள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிறகு, சுவரில் ஆணியடிக்கிறவன் மாதிரி ஒவ்வொரு எழுத்தாக இறக்கினார்.

"பொ... லும்... பு."

பொலும்பு நிமிர்ந்து பார்த்தாள்.

"பொலும்பு, நான்..." என்றார். குரல் தாழ்ந்துபோயிருந்தது. "நான் உங்க புருஷனா இருக்கலாமா?"

"அதான் மோதிரம் ஏறிடுச்சேப்பா!" என்று பின்னாலிருந்து மொங்காலி கத்தினார். "கல்யாணம் தானாவே வந்தாச்சு. இதுக்கு மேலே என்ன கேள்வி?"

"அது காங்கோ சொன்னது," என்றாள் பொலும்பு. "நான் இன்னும் சொல்லலை." பிறகு எகோஃபோவிடம், "யோசிக்கணும்," என்றாள்.

அவர் எதிரில் ஒரு மரத்துண்டில் உட்கார்ந்து காத்திருந்தார். ஊரும் உட்கார்ந்தது. அவள் மீதமிருந்த குவாங்காவையெல்லாம் விற்று முடித்தாள். உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பசித்ததால் சீக்கிரமே விற்றது. சூரியன் ஆற்றில் இறங்கியபோது அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"எதை வெச்சுச் சத்தியம் பண்றது? நாட்டை வெச்சுப் பண்ணினா பேரை மாத்திடறாங்க. ஆத்தை வெச்சுப் பண்ணினா அதையும் மாத்திடறாங்க."

"நீங்களே சொல்லுங்க."

"நாளைக்குச் சாயங்காலம்வரைக்கும்," என்றாள் பொலும்பு. "நாளைக்குச் சாயங்காலம்வரைக்கும் நான் உங்களோட. நாளைக்குச் சாயங்காலம் கேளுங்க. அப்போ சொல்றேன்."

எகோஃபோவும் சொன்னார். அந்த வார்த்தைகள் காற்றில் கலந்ததும் மோதிரங்கள் லேசாகத் தளர்ந்தன. விழவில்லை. சோப்பு இல்லாமலே கழற்றலாம், விரும்பினால் போட்டுக்கொள்ளலாம் என்ற அளவுக்கு வந்து நின்றன.

அதன்பின் ஒவ்வொரு மாலையும் அவர் கேட்டார், அவள் சொன்னாள். சில மாலைகளில் அவர் காலையில் ஏதாவது அதட்டிப் பேசியிருந்தால், கொஞ்சம் இருட்டட்டும் என்று காக்க வைப்பாள். படகுக்காரர்கள் அதற்காகவே துறையில் கொஞ்ச நேரம் தங்குவார்கள். ஊரில் வேறு சில வீடுகளிலும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது; அந்த வீடுகளில் பிற்பகல் முழுவதும் ஆண்கள் மிகவும் பணிவாக நடந்துகொண்டார்கள்.

எகோஃபோ செத்தது ஒரு மழைக்காலத்துக் காலையில், ஏணியிலிருந்து விழுந்தெல்லாம் அல்ல, தூக்கத்தில். மதியத்துக்குள் குழி வெட்டியாயிற்று. அடக்கத்துக்கு எடுக்கலாம் என்று புதுப் பாதிரியார் வந்தபோது பொலும்பு கையை நீட்டித் தடுத்தாள்.

"இன்னும் சாயங்காலம் ஆகலை. அதுவரைக்கும் இவர் என் புருஷன்."

காத்திருந்தார்கள். குழி வெட்டியவர்கள் மண்வெட்டியின் மேல் சாய்ந்து, மழை வந்தால் குழி நிரம்பிவிடும் என்று முணுமுணுத்தார்கள். மொங்காலியை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள்; அவர் இரண்டுமுறை தூங்கி எழுந்தார். வெளிச்சம் ஆற்றின்மேல் மஞ்சளாகி, செம்பாகி, சாம்பலானது. இப்போது கேட்கிற முறை எகோஃபோவுடையது. அவர் கேட்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

பொலும்பு முழங்காலிட்டு, அவர் காதோரம் குனிந்தாள்.

"எகோஃபோ," என்றாள், "நாளைக்குச் சாயங்காலம்வரைக்கும்."

பிறகு எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள்.

"என்ன பார்க்கறீங்க? மூடுங்க. நாளைக்குச் சாயங்காலம் மறுபடி வரணும் நான்."